முதல் தண்ணீருக்கு நாலு மரை

ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி, ஆண்கள் வார்டு
25.6.2025, புதன், காலை 10.05

அன்புள்ள சாஜிதாவுக்கு,

மலர்க்கொடி எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல். இந்த வரி இல்லாமல் தொடங்கினால் நம் நன்னிலம் பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர் ஒரு மதிப்பெண் குறைத்துவிடுவார். அந்தப் பயம் ஐம்பத்தாறு வயதிலும் போகவில்லை. ஆனால் நலமா இல்லையா என்பது இன்று சாயங்காலம்தான் தெரியும்.

"போன்ல நீ அழுதுக்கிட்டே சொன்னதுல பாதிதான் புரிஞ்சுது. பேப்பர எடுத்து மொதல்லேருந்து வரிசையா எழுதுடி, முன்ன எழுதுவியே அது மாதிரி" என்று நீ சொன்னாய். நாம் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. கைபேசி வந்தது, பெருநாளுக்கும் பொங்கலுக்கும் பூப்படம் அனுப்பிக்கொண்டோம், அத்தோடு நின்றுபோயிற்று. கீழே கடையில் கோடு போட்ட தாள் கேட்டேன். கடைக்காரர், "எழுதுறதுக்கா?" என்றார். வேறெதற்குக் கேட்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்கு இன்று ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு அரைமணிக்கு ஒரு கரண்டி தண்ணீர் தர வேண்டும். ஏழு நாள் கழித்து அவர் வாயில் படுகிற முதல் தண்ணீர் இது. டாக்டர் அனுசுயா காலையில் வந்து, ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "லேசா சத்தம் வருதும்மா. தண்ணி குடுத்துப் பார்ப்போம். உள்ள தங்கி, சாயங்காலத்துக்குள்ள காத்து பிரிஞ்சா குடல் வேலை செய்யுதுன்னு அர்த்தம். வயிறு உப்பி வாந்தி வந்தா மறுபடியும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்."

மறுபடியும் என்றால் மூன்றாவது தடவை. அவர் உடம்பு அதைத் தாங்குமா என்று நான் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை.

முதல் கரண்டி பத்து மணிக்குக் கொடுத்தேன். அடுத்தது பத்தரைக்கு. நடுவில் இருக்கிற நேரத்தில் உனக்கு எழுதுகிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். மேட்டூர் பன்னிரண்டாம் தேதி திறந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் வர இன்னும் நாலைந்து நாள் இருந்தது. அதற்குள் மதகு ஷட்டர்களுக்கு கிரீஸ் போட்டு ஏற்றி இறக்கிப் பார்ப்பது லஸ்கர் வேலை. இவர் முப்பத்திரண்டு வருஷமாக அதைச் செய்கிறார். அடுத்த மே மாதம் ரிட்டயர்மெண்ட். அன்றைக்கு ஒரு ஷட்டர் துருப்பிடித்து அசையவே இல்லையாம். இவர் விடாமல் கைப்பிடியைச் சுற்றியிருக்கிறார்.

பகல் பன்னிரண்டுக்கு வீட்டுக்கு வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் வேர்வை. "என்னங்க" என்றதற்கு, "ஒண்ணுமில்ல மலரு. ஷட்டர முக்கிச் சுத்துனேன், கொடல் ஏத்தம் புடிச்சிருக்கு" என்றார்.

குடலேற்றம் நம் பக்கத்தில் யாருக்குத்தான் வரவில்லை. நெல் மூட்டை தூக்கினால் வரும், வரப்பில் வழுக்கினால் வரும். விளக்கெண்ணெய் தடவி வயிற்றைத் தட்டி நீவிவிட்டால் போய்விடும். ஊரில் குடல் தட்டுகிற காத்தாயி அக்காவுக்கு ஆள் அனுப்பினேன். அவள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். வந்து சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். அதுவரை இவர் முழங்காலை மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன், வாந்தி எடுத்துவிட்டார்.

காத்தாயி அக்கா எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள். "ஊரு மதகெல்லாம் சுத்துற கை, வவுறு மட்டும் பஞ்சா இருக்கே. வேட்டிய கொஞ்சம் எறக்கி விடு தம்பி, அடிவயித்துல கை வெக்கணும்."

"அதெல்லாம் வேணாம், மேல மட்டும் தட்டுங்க" என்றார். ஒரு கையால் துண்டை அடிவயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அறுபத்தெட்டு வயசு. என்னைப் பாத்து வெக்கப்படுற" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், சாஜி. இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு நெஞ்சில் நிற்கிறது.

அவள் மேலே நீவ நீவ, துண்டுக்கடியில் இவர் கை எதையோ அழுத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பானையில் தண்ணீர் சாய்கிற மாதிரி கொளக்கென்று ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் முகம் தெளிந்துவிட்டது. மூச்சை விட்டு, "போயிடுச்சு" என்றார். காத்தாயி அக்கா தன் கையைத் தானே பார்த்து மெச்சிக்கொண்டாள். ராத்திரி அரைத் தம்ளர் கஞ்சி குடித்தார். தூங்கினார். நானும் தூங்கினேன்.

(10.30. இரண்டாவது கரண்டி கொடுத்தாயிற்று. விழுங்கிவிட்டு நாக்கால் உதட்டைத் தடவுகிறார். இன்னொன்று கேட்டார், மாட்டேன் என்றேன்.)

புதன் விடியும்போது வயிறு மத்தளம் மாதிரி இறுகியிருந்தது. உடம்பு நெருப்பு, கை கால் சில்லென்று. இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். டாக்டர் அனுசுயா எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். இவர் "காலையிலேருந்துதான் டாக்டர்" என்றார். நான் குடலேற்றம் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன், இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அடங்கிவிட்டேன். டாக்டர் அழுத்திப் பார்த்தார், பித்தப்பையா, கணையமா, ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார். எங்களுக்கு முன்னால் ஐந்து பேர் ஸ்கேனுக்குக் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்ற உன்னை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நான் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் கேட்டாய். பிறகு ஒரே கேள்வி கேட்டாய்.

"ஏத்தமா, எறக்கமா?"

"என்னடி வித்தியாசம்?"

"குடலேத்தம் காத்தாயி பாக்குற வியாதி. குடலெறக்கம் சர்ஜன் பாக்குற வியாதி. அண்ணனுக்குத் தொடை இடுக்குல வீக்கம் எதாச்சும் உண்டா?"

எனக்குத் தெரியவில்லை. முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்கு உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீ கேட்ட அந்த நொடியில் ஒன்று நினைவுக்கு வந்தது. மூன்று வருஷமாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, காலை மடக்கிக்கொண்டு பத்து நிமிஷம் படுப்பார். முன்பெல்லாம் சாப்பிட்ட கையோடு மதகுக்கு ஓடுகிறவர். வயசாகிறது, படுக்கட்டும் என்று நான் ரேடியோ சத்தத்தைக் குறைப்பேன், பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவுவேன். அந்தப் பத்து நிமிஷம் எனக்குப் பிடித்த நேரமாகவே ஆகிவிட்டது. அவர் தூங்கவில்லை, சாஜி. இறங்கிய குடலைக் கையால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் போனை அவர் காதில் வைத்தேன். நீ பேசியது பக்கத்துக் கட்டில்வரை கேட்டது.

"அண்ணே, நான் சாஜிதா. நான் பாக்காத இடுக்கு இல்ல, வெக்கப்படாதீங்க. நேத்து அது எத்தனை மணிக்கு வெளிய மாட்டிக்கிச்சு, எத்தனை மணிக்கு உள்ள போச்சு? ரெண்டு மணியும் எனக்கு வேணும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மதகுப் பதிவேட்டில் முப்பத்திரண்டு வருஷம் எழுதிய கை அல்லவா. அந்தக் கணக்கிலேயே சொன்னார்: "மூடுனது பதினொண்ணு அஞ்சு. தொறந்தது ஆறு பத்து."

நான் ஓடிப்போய் டாக்டரிடம் அதை அப்படியே சொன்னேன். கையில் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார். "ஏழு மணி நேரம் குடலுக்கு ரத்தம் போகல" என்றார். பிறகு ஸ்கேனுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

கையெழுத்து வாங்கும்போது நான் டாக்டரிடம் கேட்டேன். "ரத்தம் ஏழு மணி நேரம் நின்னுச்சு, சரி. அப்புறம் குடல் உள்ள போயிடுச்சே, ரத்தமும் வந்திருக்குமே. வலிகூட நின்னுச்சே. அப்ப நல்லாத்தானே ஆகணும்?"

"அதாம்மா கஷ்டம்" என்றார். "நின்னதுல கெட்டது ஒரு பங்கு. திரும்ப வந்ததுல கெடுறது இன்னொரு பங்கு. பட்டினி கெடந்த குடல்ல ரத்தம் திடீர்னு பாயும்போது உள்தோல் உரிஞ்சிடும். அங்க சேர்ந்த கழிவு உடம்பு பூரா பரவும். நேத்து சாயங்காலமே வெளிய மாட்டியிருந்தப்ப வந்திருந்தா நாங்க திறந்து, குடலோட நெறத்தைப் பார்த்துப் பார்த்து உள்ள விட்டிருப்போம்."

எனக்கு ஒன்றும் ஏறவில்லை. போன உயிர் திரும்பி வருவது எப்படிக் கெடுதல் ஆகும்? கையெழுத்துப் போட்டேன்.

(11.00. மூன்றாவது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். நேற்று இருந்த மாதிரியேதான் இருக்கிறது.)

பகல் மூன்றுக்கு டாக்டர் வெளியே வந்தார். குடலில் ஒன்றரை அடி செத்துப்போயிருந்ததாம், வெட்டி எடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் இன்னும் மூன்றடி கருநீலமாக இருக்கிறதாம். செத்ததென்றும் சொல்ல முடியவில்லை, பிழைத்ததென்றும் சொல்ல முடியவில்லை. அதையும் எடுத்துவிடலாம், ஆனால் போனது திரும்பாது. ஆகவே விட்டுவைத்துத் தற்காலிகமாக மூடியிருக்கிறோம், நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துத் திறந்து பார்ப்போம் என்றார். வெள்ளிக்கிழமை பகல்வரை.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு என்ன நினைவு வந்தது தெரியுமா? ஒன்பதாம் வகுப்பில் சிறுகுடலின் நீளம் ஆறு மீட்டர் என்று அறிவியல் டீச்சர் சொன்னதும் நீ நம்பவில்லை. "பொய் டீச்சர், வயிறே ஒரு சாண்தான்" என்று எழுந்து நின்றாய். டீச்சர் அடிக்கவில்லை, கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துவரச் சொன்னார். ஸ்கேலால் அளந்து மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஒரு முனையை நீ பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றாய். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு நடந்தேன். நடந்தேன், நடந்தேன், சைக்கிள் நிறுத்துகிற இடம் வரைக்கும் வந்துவிட்டேன். "இம்புட்டும் எனக்குள்ளயா இருக்கு?" என்று அங்கிருந்து நீ கத்தினாய். கயிற்றை இரண்டு பேரும் ஆட்டினோம், அலையலையாகப் போயிற்று. மணி அடித்தும் விடவில்லை. அந்த ஆண்டுதான் நீ நர்ஸ் ஆகப்போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தாய்.

ஒன்றரை அடி என்றால் முதல் முடிச்சுக்கு இந்தப் பக்கம். மூன்றடி போனாலும் கயிறு மிச்சம் இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து அதை முழத்தால் அளந்து பார்த்தேன். எதிரே இருந்த அம்மாள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று நினைத்திருப்பாள்.

காத்தாயி அக்கா அன்று சாயங்காலமே பஸ் ஏறி வந்துவிட்டாள். உள்ளே வரவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். "என் கைதானா மலரு?" என்றாள். இல்லை, அந்த ஏழு மணி நேரம்தான் என்றேன். அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "ஏத்தத்துக்குன்னு கூப்புட்டீங்க, வந்தேன். எறக்கத்துக்கு நான் கை வெப்பனா? எனக்குத் தெரியாதா? அந்த மனுசன் துண்டுக்குள்ள என்னத்த ஒளிச்சு வெச்சிருந்தாரு, மதகுச் சாவியையா?" அழுகையும் சிரிப்புமாக இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

வியாழன் காலையில் என்னை உள்ளே விட்டார்கள். மூக்கில் குழாய், குரல் நூல் மாதிரி. முதல் வார்த்தையே, "தண்ணி எங்க வந்திருக்கு?" என்றார்.

"கல்லணை தாண்டியாச்சாம்" என்றேன். பிறகு கேட்டேன், "ஏன் மறைச்சீங்க?"

"மூணு வருஷம் முன்னாடியே ஆபரேசன்னு சொன்னாங்க. மூணு மாசம் கனம் தூக்கக் கூடாதாம். ஷட்டர வேற ஆளுகிட்ட குடுக்கணும். அவன் ஒரேடியா தூக்கி உட்ருவான். ரிட்டயர்டு ஆயிட்டு பாத்துக்கலாம்னு இருந்தேன்."

"ஊருக்கு கரை உடைஞ்சிடக் கூடாதுன்னு உங்க கரைய உடைச்சிக்கிட்டீங்க" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். பிறகு டாக்டர் சொன்னதை, எனக்குப் புரியாததை, அவரிடம் சொன்னேன். ரத்தம் வந்த பிறகும் எப்படிங்க கெடும் என்று.

"மொதத் தண்ணி, மலரு" என்றார். "நாலு மரை."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கும் புரிய வேண்டும், அதை நான் உனக்கு ஒரு தடவை எழுதியிருக்கிறேன்.

கல்யாணமான முதல் வருஷம். தண்ணீர் வருகிற அன்று காலை, "வரியா, காட்டுறேன்" என்று கூட்டிக்கொண்டு போனார். ஐந்து மாதம் காய்ந்து கிடந்த வாய்க்கால். தரையெல்லாம் பாளம் பாளமாக வெடிப்பு, கை விட்டால் முழங்கை வரை போகும். மதகில் ஷட்டரை உயர்த்தும் கம்பியில் திருகாணி மாதிரி மரை இருக்கும். இவர் கைப்பிடியைச் சுற்றி, நாலே நாலு மரை ஏறியதும் நிறுத்திவிட்டார். கரையில் நின்ற விவசாயிகள் கத்தினார்கள். "யோவ் லஸ்கர், நாத்தங்கால் காயுது, முழுசா தூக்குய்யா" என்றார்கள். இவர் பீடி பற்றவைத்துக்கொண்டு, "ஒரேடியா உட்டா வெடிப்புல பூந்து கரைய அறுத்துரும். ஊறட்டும்" என்றார். அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

நாங்கள் வாய்க்காலுக்குள் இறங்கி, தண்ணீருக்கு முன்னால் நடந்தோம். பின்னால் அது சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு வெடிப்பிலும் நின்று நின்று குடித்துவிட்டு, மெதுவாக வந்தது. வெடிப்புக்குள்ளிருந்து எறும்பு, பூரான், பூச்சியெல்லாம் வெளியே ஓடிவந்தன. மண் வாசனை மூக்கை அடைத்தது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். நாங்கள் நடந்த வேகம்தான் அதன் வேகம். திரும்பிப் பார்த்தால் ஒரு நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். ஒரு மைல் அப்படி நடந்திருப்போம். கடைசியில் குதிகாலைத் தொட்டது. சூடாக இருந்தது. நான் கூச்சத்தில் அவர் கையைப் பிடித்தேன். ஊர் பார்க்க நான் அவர் கையைப் பிடித்தது அன்று ஒருநாள்தான்.

அன்று சாயங்காலமே இன்லண்ட் லெட்டரில், மடிப்போரம்கூட விடாமல் உனக்கு எழுதினேன். "ஒரு மனுஷன் அவசரப்படாமல் இருப்பதைப் பார்ப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது, சாஜி" என்று எழுதிய ஞாபகம். நீ பதிலில் என்னைக் கேலி செய்திருந்தாய்.

அப்படிப்பட்டவர்தான் தனக்கு மட்டும் ஒரே அழுத்தாக அழுத்தித் திறந்துவிட்டுக் கஞ்சி குடித்துத் தூங்கினார். ஊர்த் தண்ணீருக்குத் தெரிந்த நிதானம் தன் ரத்தத்துக்குத் தெரியவில்லை.

(12.00. பதினொன்றரைக்கும் கொடுத்தேன், எழுத மறந்துவிட்டேன். இது ஐந்தாவது. வாந்தி இல்லை. டாக்டர் எட்டிப் பார்த்து "காத்து?" என்றார். இன்னும் இல்லை என்றேன். அடுத்த கட்டில்காரர், "இங்க எல்லாரும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்றார்.)

வெள்ளிக்கிழமை பகல் இரண்டாவது தடவை திறந்தார்கள். உன்னிடம் அன்று போனில் நான் அழுதது இதற்குத்தான், உனக்குப் புரியாத பாதியும் இதுதான். மூன்றடியில் முக்கால்வாசி நிறம் திரும்பிவிட்டது. டாக்டர் சொன்னார், கருநீலமாக இருந்தது இளஞ்சிவப்பாகிவிட்டதாம், தொட்டால் புழு மாதிரி நெளிகிறதாம். ஒரு சாண் மட்டும் தேறவில்லை. அதை எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். "உயிரோட இருக்கு. ஆனா வேலை செய்யுதான்னு அது சொன்னாத்தான் தெரியும்" என்றார். ஐந்து நாளாகிறது. அது இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. இவருக்குப் பதிலாகச் செழியன் என்ற புது ஆளைப் போட்டிருக்கிறார்கள். அவர் மதகிலிருந்து போன் செய்தார். "அண்ணே, எவ்வளவு தூக்கட்டும்?" போனை இவர் வாயருகே வைத்தேன். நாலு விரலைக் காட்டினார், காட்டியது போனில் தெரியாதென்று பிறகுதான் உறைத்தது. நான்தான் சொன்னேன்: "நாலு மரை தம்பி. ஊறட்டும். யார் கத்துனாலும் காதுல வாங்கிக்காதீங்க." கரை எங்கும் உடையவில்லை என்று நேற்றுத் தகவல்.

மணி நாலு. நடுவில் எழுத முடியவில்லை. ஒரு மணிக்குக் கொடுத்த பிறகு வயிறு லேசாக உப்பின மாதிரி இருந்தது. அவர் முகம் சுருங்கிற்று. நர்ஸைக் கூப்பிட்டேன். "நிறுத்தாதீங்க, ஆனா அரைக் கரண்டியாக் குடுங்க" என்றாள். அரைக் கரண்டியாகக் கொடுத்தேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊர் பார்க்கத்தான். பக்கத்தில் எட்டுக் கட்டில். நான் கையை எடுக்கவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மூன்றே முக்காலுக்கு ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான்.

அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து, "யாருய்யா அது?" என்றார்.

இவர் கண்ணில் தண்ணீர் வழிய, "லஸ்கர்" என்றார். "மூணு நாப்பத்தஞ்சு. எழுதிக்க மலரு."

எழுதிவிட்டேன், சாஜி. இந்தக் கடிதத்தில்தான் எழுதியிருக்கிறேன். டாக்டர் அனுசுயா வந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இனிமே முழுக் கரண்டி குடுக்கலாம்மா. நாளைக்கு இளநீர்" என்றார். இவர் உடனே, "ஒரு டம்ளரா குடுத்தா என்ன டாக்டர்?" என்றார். நான் நாலு விரலைக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நீ வருவதாகச் சொன்னாய். அந்தப் பழைய இன்லண்ட் லெட்டர் உன் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருந்தால் கொண்டுவா. அதில் அவரைப் பற்றி நான் என்னவெல்லாம் எழுதியிருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. படித்துக் காட்ட வேண்டும். ஆனால் ஒரேயடியாக வேண்டாம், ஒருநாளைக்கு ஒரு பத்தி போதும்.

மணி நாலரை ஆகிறது, கரண்டி கொடுக்க வேண்டும்.

மலர்க்கொடி